ஸ்க்ரூ டிரைவரைக் கொஞ்சம் கீழே வைங்க பாஸ்!

வீட்டில் ஒரு பையனோ பொண்ணோ கம்ப்யூட்டர் படிக்கிறாங்கன்னு தெரிஞ்சா போதும். பக்கத்து வீட்டு மாமா பிரிண்டரைத் தூக்கிட்டு வந்துடுவார். எதிர்வீட்டு அக்கா, 'தம்பி, டி.வி. ரிமோட் வேலை செய்யலைப்பா' என்பார். 'அது எங்க சிலபஸ்ல இல்லைக்கா'ன்னு சொல்லிப் பாருங்க... 'அப்ப நாலு வருஷமா என்னதான் படிக்கிறே?' என்று ஒரே கேள்வியில் மானத்தைக் கப்பலேற்றிவிடுவார்!

அந்த மானத்தைக் காப்பாத்தத்தான் பலரும் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்கிறார்கள். வினையே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

காஞ்சிபுரத்தை ஒட்டியிருக்கும் ஏனாத்தூரில் இப்படி மாட்டிக்கொள்கிறவர்களுக்குப் பஞ்சமே இருக்காது. ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி விஸ்வ மகாவித்யாலயா ஒரு பக்கம், ஸ்ரீ சங்கரா கலை அறிவியல் கல்லூரி இன்னொரு பக்கம் என்று மாணவர் கூட்டம் நிறைந்த ஊர். ஆனா, ரிப்பேர் பார்ப்பது எப்படின்னு சொல்லித் தர்ற ஒரு பழைய மெஷினும் இதே வட்டாரத்தில்தான் இருக்கு. அதுக்குக் கீபோர்டு கிடையாது, மவுஸ் கிடையாது. பேரு... தறி!

கம்ப்யூட்டருக்குத் தாத்தா

காஞ்சிப் பட்டின் பார்டரிலும் முந்தானையிலும் அன்னம், மயில், யாளி எல்லாம் வரிசைகட்டி நிற்குதே... அதில் பெரும்பங்கு ஜக்கார்டு வேலை. தறிக்கு மேலே துளை போட்ட அட்டைகள் மாலை மாதிரி தொங்கும். துளை இருந்தால் அந்தக் கொக்கி பாவு இழையைத் தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. நம்ம பாஷையில் சொன்னா ஒன்று, பூஜ்ஜியம். பிரான்ஸின் ஜோசப் மாரி ஜக்கார்டு 1804-ல் செய்துகாட்டிய ஏற்பாடு இது. சார்லஸ் பாபேஜ் 1830-களில் திட்டமிட்ட கணக்கு இயந்திரத்துக்கு இதே துளை அட்டைகளைத்தான் எடுத்துக்கொண்டார். 1890-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹாலரித்தும் துளை அட்டைகளை வைத்துத்தான் எண்ணினார்.

இப்ப விஷயத்துக்கு வருவோம். சேலையில் ஒரு பிசகு தெரிஞ்சா, நெசவாளர் உடனே தறியைப் பிரித்துப் போடுவாரா? மாட்டார். முதலில் உற்றுப் பார்ப்பார். டிசைன் திரும்பி வரும்போதெல்லாம் அதே இடத்தில் குறுக்கே தப்பு வருதா? அட்டையில் கோளாறு. நெடுக ஒரே கோடாக வருதா? அந்த ஒரு பாவு இழையிலோ, அதைத் தூக்கும் கொக்கியிலோ, கயிற்றிலோ கோளாறு. ஒரே ஒரு இடத்தில் வந்துட்டுப் போயிடுச்சா? அங்கே ஏதோ ஒரு இழை செய்த சேட்டை.

தப்பு எப்போ வருது, எங்கே வருது, திரும்ப வருதா? இந்த மூன்று கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை கருவியைத் தொடாதே. கம்ப்யூட்டருக்கும் இதேதான் பாலபாடம்.

வாசல்ல இருந்து வாங்க

'கம்ப்யூட்டர் செத்துப்போச்சு' என்று சொல்லப்படும் கேஸ்களில், உயிரோடு இருக்கிறவையே அதிகம். கேபினெட்டைத் திறந்து, ராமைக் கழற்றி, மூணு மணி நேரம் போராடிய பிறகு, அம்மா வந்து 'ஏன்டா, சுவத்துல ஸ்விட்சே போடலையே' என்று சொல்வதைவிடக் கொடுமை உண்டா?

அதனால சுவரில் இருந்து ஆரம்பிங்க. பிளக் பாயின்டில் கரன்ட் வருதா? டேபிள் லேம்ப்பைச் செருகிப் பாருங்க. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஸ்விட்ச் ஆனில் இருக்கா? எஸ்.எம்.பி.எஸ். பின்னாலேயே ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கும், பெருக்கும்போது துடைப்பம் பட்டு அது ஆஃப் ஆகியிருக்கலாம். மானிட்டர் லைட் எரிஞ்சும் படம் இல்லையா? அது எந்த இன்புட்டில் இருக்குன்னு பாருங்க. ஆசை ஆசையாகக் கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டுவிட்டு, மானிட்டர் கேபிளை மட்டும் பழைய மதர்போர்டு பாயின்டிலேயே செருகிவைப்பவர்கள் தனி ரகம்!

கரன்ட் வருது, ஃபேன் சுத்துது, ஆனா விட்டுவிட்டு 'பீப்... பீப்...'னு சத்தமா? பெரும்பாலும் ராம் சரியாக உட்காரவில்லை என்ற புகார்தான் அது. பவர் கேபிளை உருவிவிட்டு, ராமைக் கழற்றி, தங்க நிறப் பற்களை மெல்லத் துடைத்து, 'க்ளிக்' சத்தம் கேட்கும்வரை அழுத்துங்க. ஸ்கூல் ரப்பரால் அழிப்பது நம்ம ஊர் வைத்தியம். லேசாகப் போதும், தூளைச் சுத்தமாகத் துடைக்கணும், அழுத்தித் தேய்த்தால் தங்கப் பூச்சு போயிடும்.

உட்காராத சிப் பெரிய கம்பெனியின் மானத்தையே வாங்கியிருக்கு. ஆப்பிள் நிறுவனம் 1980-ல் கொண்டுவந்த 'ஆப்பிள் 3' கம்ப்யூட்டரில், சிப்கள் சாக்கெட்டைவிட்டு எழும்பிக்கொண்டன. சில அங்குலம் தூக்கி 'தொப்'பென்று கீழே விடுங்கள், சிப் உட்கார்ந்துவிடும் என்பதுதான் அப்போது சொல்லப்பட்ட வைத்தியமாம்! தயவுசெய்து நீங்க முயற்சி பண்ணாதீங்க, ஹார்டு டிஸ்க் பரலோகம் போயிடும்.

இன்னொரு வேடிக்கை. இன்டர்நெட் இருக்கு, ஆனா பாதி வெப்சைட் 'பாதுகாப்பில்லை'ன்னு திறக்க மறுக்குது. வைரஸ்னு நினைத்து ஃபார்மட் பண்ணக் கிளம்பாதீங்க. மூலையில் இருக்கும் கடிகாரத்தைப் பாருங்க. தேதி பல வருஷம் பின்னால் போயிருந்தா, குற்றவாளி மதர்போர்டில் இருக்கும் சி.ஆர்.2032 என்ற 3 வோல்ட் பொத்தான் பேட்டரி. அது தீர்ந்துபோனால் கம்ப்யூட்டருக்கு நாள் கிழமை மறந்துவிடும். வெப்சைட்டுகளின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தேதிக் கணக்கு உண்டு என்பதால் கதவைச் சாத்திவிடும்.

பட்டும் கரன்ட்டும்

கண்ணாடித் தண்டைப் பட்டுத்துணியால் தேய்த்தால் மின்னூட்டம் வரும் என்று ஸ்கூலில் படிச்சோமே... மதர்போர்டைத் தொடும்போது மட்டும் அது ஞாபகத்துக்கு வராது. நிலை மின்சாரம் சுமார் 3,000 வோல்ட்டைத் தாண்டினால்தான் நம்ம விரலுக்கே 'சுரீர்' என்று தெரியும். சில சிப்களைக் காலி பண்ண அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. வறண்ட ஏ.சி. ரூமில் இந்தத் தொல்லை கூடுதல். பட்டு, பாலியஸ்டர் உடுப்போடு வேலையில் இறங்காதீங்க. உள்ளே கை வைக்கும் முன் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுக்கோங்க.

'டமால்' வகையறா

இதுவரை பார்த்ததில் போனது மானம் மட்டும்தான். இனி சொல்லப்போவது உயிர் சமாச்சாரம்.

பழைய எஸ்.எம்.பி.எஸ். பின்னால் சிவப்பு நிறத்தில் '115 / 230' என்று ஒரு நகர்த்தும் பொத்தான் இருக்கும். 'இது என்ன?'ன்னு 115 பக்கம் தள்ளிவிட்டு ஸ்விட்சைப் போட்டால், நம்ம ஊர் 230 வோல்ட் உள்ளே பாயும். 'டமால்' சத்தம், புகை, தெருவே கூடிவிடும்.

கேபினெட்டைத் தொட்டால் 'ஜிவ்வு'ன்னு இழுக்குதா? 'கம்ப்யூட்டர்னா அப்படித்தான்'னு செருப்பு போட்டுக்கிட்டு வேலை பார்க்கிறவங்க இருக்காங்க. அது எர்த் இல்லை என்பதற்கான எச்சரிக்கை. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் ஃபில்டர், கசியும் சிறு மின்சாரத்தை எர்த் வழியாக அனுப்பப் பார்க்கும். மூணு பின் பிளக்கின் பெரிய பின்னை உடைத்தோ, இரண்டு பின் அடாப்டரில் செருகியோ வைத்தால் அந்த மின்சாரத்துக்குப் போக்கிடம் நீங்கதான்! உள்ளே வேறு கோளாறும் சேர்ந்துகொண்டால் 'ஜிவ்வு' பெரிய ஷாக் ஆகலாம். இதுக்குக் கூப்பிட வேண்டியது கம்ப்யூட்டர் ஆளை இல்லை, எலெக்ட்ரீஷியனை.

எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பிரிக்காதீங்க. பிளக்கை உருவிய பிறகும் உள்ளே இருக்கும் கெபாசிட்டரில் ஆபத்தான அளவு மின்சாரம் தங்கியிருக்கலாம். லேப்டாப் பேட்டரி தலையணை மாதிரி உப்பியிருந்தா அழுத்தாதீங்க, குத்தாதீங்க, சார்ஜ் போடாதீங்க. உள்ளே இருப்பது லித்தியம், தீப்பிடிக்கும். காபி கொட்டிய லேப்டாப்பை அரிசி மூட்டைக்குள் புதைப்பதும் வேண்டாம். உடனே ஆஃப் பண்ணி, சார்ஜரை உருவி, சர்வீஸுக்குக் கொண்டுபோங்க. அரிசி சோத்துக்கு மட்டும்தான்!

எல்லாத் தப்பும் நம்ம தப்பா?

இல்லை. 2000-களின் தொடக்கத்தில் உலகம் முழுக்க மதர்போர்டுகளில் கெபாசிட்டர்கள் உப்பி, கசிந்து, செத்தன. உள்ளே இருந்த ரசாயனக் கரைசல் சரியில்லை. டெல் நிறுவனம் 2005-ல் அந்தப் பழுதுகளுக்காக 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டியிருந்தது. எத்தனை பேர் 'நாமதான் கெடுத்துட்டோம்'னு வீட்டில் திட்டு வாங்கியிருப்பாங்களோ! மேல் தட்டையாக இல்லாமல் உப்பிய கெபாசிட்டர் கண்ணில் பட்டால், உங்க சிகிச்சை அத்தோடு முடிஞ்சுது.

இயந்திரம் போனால் வேற வாங்கலாம். அதுக்குள்ளே இருக்கும் ஃபைனல் இயர் பிராஜெக்ட்டையும், தாத்தாவின் கடைசி போட்டோவையும் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஹார்டு டிஸ்க் 'டிக்... டிக்...'னு சத்தம் போட்டால் தட்டிப் பார்க்காதீங்க, திரும்பத் திரும்ப ஆன் பண்ணாதீங்க. ஒவ்வொரு முறை ஓடும்போதும் மிச்சமிருப்பதும் அழியலாம். 'ஃபார்மட் போட்டா சரியாயிடும்' என்று யார் சொன்னாலும், 'டேட்டா காப்பி எடுத்தாச்சா?'ன்னு முதலில் கேளுங்க.

கையோடு அஞ்சு டிப்ஸ்

* திறக்கும் முன் ஒரு போட்டோ, கழற்றும் ஒவ்வொரு கேபிளுக்கும் ஒரு போட்டோ.

* ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். மூணை ஒண்ணா மாத்தினா, எது சரிபண்ணுச்சுன்னே தெரியாது.

* புது மதர்போர்டுக்கு அடியில் பித்தளைக் கால்களை மறக்காதீங்க. இல்லாட்டி போர்டு கேபினெட்டிலேயே உரசி ஷார்ட் ஆகும்.

* பிராசஸர் மேலிருக்கும் ஹீட்சிங்க்கை வெடுக்கென்று பிடுங்காதீங்க. சில மாடல்களில் பேஸ்ட் ஒட்டிக்கொண்டு பிராசஸரே சாக்கெட்டில் இருந்து பிடுங்கிக்கொண்டு வந்துடும், பின்கள் வளைஞ்சுடும்.

* ஸ்க்ரூ மிஞ்சினால் பெருமைப்படாதீங்க!

இத்தனையும் பார்த்தும் சரியாகலையா? கடைக்குப் போங்க, அதில் வெட்கப்பட ஒண்ணுமில்லை. ஆனா வெறுமனே 'ஓடலைண்ணே'ன்னு சொல்லாதீங்க. 'பிளக் மாத்திப் பார்த்தேன், ராம் கழற்றி மாட்டினேன், ஆன் பண்ணின அஞ்சாவது நிமிஷம் ஆஃப் ஆகுது'ன்னு சொல்லிப் பாருங்க. மெக்கானிக் அண்ணன் நிமிர்ந்து பார்த்து, 'என்ன தம்பி படிக்கிறே?' என்பார்.

அந்தக் கேள்விக்கு மட்டும் காலரைத் தூக்கிவிட்டுப் பதில் சொல்லலாம்!