உங்களுக்குத் தெரியுமா? – கைமாறி வரும் ஹோண்டா வெசல்

● 2013 டிசம்பரில் ஜப்பானில் அறிமுகமான ஹோண்டா வெசலும் சிங்கப்பூரின் அதிகாரபூர்வ விற்பனையாளர் விற்ற எச்ஆர்-வியும் ஒரே வண்டிதான். வெசல் என்ற பெயரில் இங்கே ஓடுபவை ஜப்பானிலிருந்து தனி இறக்குமதியாளர்கள் தருவித்தவை.

● பழைய வெசல் வைத்திருப்பவர்கள் முதலில் பாராட்டுவது பின்னிருக்கையை. எரிபொருள் தொட்டி முன்னிருக்கைகளுக்கு அடியில் இருப்பதால், பின்னிருக்கையின் அமரும் பகுதியை மேலே மடக்கி நிறுத்தலாம். கறிவேப்பிலைச் செடியைத் தொட்டியோடு நிமிர்த்தியே வீட்டுக்குக் கொண்டுவரலாம். குறையும் அங்கேதான்: முதல் தலைமுறை வெசலில் பின்னால் உட்காருபவர்களுக்கென்று தனி ஏர்கான் துவாரம் இல்லை. வயதானவர்களை ஏற்றிச் செல்லும் குடும்பம் என்றால், நண்பகலில் ஒருமுறை பின்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

● முதல் தலைமுறையில் ஹைபிரிட் என்றால் ஏழு கியர் இரட்டை கிளட்ச். வெறும் பெட்ரோல் என்றால் சிவிடி. உரிமையாளர்களின் கருத்து இரண்டாகப் பிரிவது இங்கேதான். ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் பெட்ரோல் செலவு குறைந்ததைச் சொல்லி மகிழ்வார்கள். நெரிசலில் ஊரும்போது வண்டி வெட்டி வெட்டி இழுப்பதையும் சொல்வார்கள். 2014-ல் ஹோண்டா இந்த ஹைபிரிட்டை ஜப்பானில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பழுது நீக்கத் திரும்ப அழைத்தது. விரைவுச்சாலையில் ஓட்டிப் பார்த்தால் இந்த இழுப்பு பிடிபடாது. ஞாயிறு மாலை தேக்காவை ஒட்டிய சிராங்கூன் சாலைக்குக் கொண்டுபோங்கள். பிரேக்கை விட்டு, நகர்ந்து, மறுபடி பிரேக் போடும் அந்த ஊர்தலில் கால் மணி நேரம் ஓட்டினால் போதும், கியர்பெட்டியின் நிலை தெரிந்துவிடும்.

● 1990 மே மாதம் தொடங்கிய வாகன உரிமைச் சான்றிதழ் முறையில், சான்றிதழின் ஆயுள் 10 ஆண்டு. சிறிய கார்களுக்கான கட்டணம் 2008 நவம்பரில் 2 வெள்ளி வரை இறங்கியது. 2023 அக்டோபரில் 106,000 வெள்ளியைத் தொட்டது. ஆகவே, இங்கே பழைய கார் வாங்குபவர் வண்டியைவிட மிச்சமுள்ள ஆண்டுகளுக்குத்தான் அதிகம் கொடுக்கிறார். 10 ஆண்டு முடிந்ததும் 5 ஆண்டுக்குப் புதுப்பித்த வண்டியை மறுபடி புதுப்பிக்க முடியாது. வண்டியை அழிக்கும்போது கிடைக்கும் கூடுதல் பதிவுக் கட்டணக் கழிவும் போய்விடும். ‘ஒரு செலவும் வைக்கவில்லை’ என்று உரிமையாளர் சொன்னால், சான்றிதழ் என்ன விலையில் இருந்த ஆண்டில் அவர் வாங்கினார் என்றும் கேளுங்கள்.

● மின் உறுப்பு ஒன்று சூடேறித் தீப்பற்றலாம் என்று 2016 ஏப்ரலில் ஹோண்டா வெசல்களைத் திரும்ப அழைத்தது. அப்போது ஊபரின் லயன் சிட்டி ரென்டல்ஸ் நிறுவனத்திடம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெசல்கள் இருந்தன. பழுது நீக்காமலே அவை வாடகைக்குப் போயின; 2017 ஜனவரியில் ஓர் ஓட்டுநரின் வண்டி முகப்பில் தீப்பிடித்தது. ஆகஸ்டில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் இதை வெளியிட்டபோது, இன்னும் செய்திருக்கலாம் என்று ஊபர் ஒப்புக்கொண்டது. பிழைப்புக்காக வண்டி எடுத்தவருக்கு இப்படி நேர்ந்திருக்கவே கூடாது. பழைய வெசல் எதுவானாலும், திரும்ப அழைப்புப் பணி முடிந்ததற்கான தாளைக் கேட்டு வாங்குங்கள்.

● முன்பு தனியார் வாடகை வாகனமாக ஓடியதா என்றும் விசாரியுங்கள். 2017 ஜூலை முதல் அத்தகைய வண்டிகளுக்கு முன், பின் கண்ணாடிகளில் வில்லை கட்டாயம். உரித்த தடம் சில வண்டிகளில் தெரியும்.

● 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள லெமன் சட்டம் பழைய கார்களுக்கும் பொருந்தும். கடையில் வாங்கிய வண்டியில் ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால், கைமாறும்போதே அது இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவரின் பொறுப்பு. தனியாள் தனியாளுக்கு விற்றால் இந்தப் பாதுகாப்பு கிடையாது.