காலத்தைக் கடத்தும் தாதாக்கள்

வயலோரம் தரையில் தார்ப்பாய் விரித்துவைத்து, பாக்கெட் கடிகாரத்தைப் பார்த்தபடி ஓர் இளைஞன் துப்பாக்கியோடு நிற்கிறான். குறித்த நொடியில், கை கட்டி முகம் மூடிய ஓர் ஆள் அந்தத் தார்ப்பாய் மேல் திடீரென்று தோன்றுகிறான். ஒரே வெடி. பிணத்தின் முதுகில் கட்டியிருக்கும் வெள்ளிக்கட்டிகள்தான் கூலி. ரியன் ஜான்சன் இயக்கி 2012-ல் வந்த ‘லூப்பர்’ படம் இப்படித்தான் தொடங்குகிறது. கதை நடப்பது 2044-ல், அமெரிக்காவின் கான்சாஸில். அதற்கு முப்பது ஆண்டு கழித்துக் காலப்பயணம் கண்டுபிடிக்கப்படுகிறது, கையோடு தடையும் செய்யப்படுகிறது. அந்த நாளில் ஆட்களைக் கண்காணிக்கும் தொழில்நுட்பம் முற்றிவிட்டதால் ஒரு பிணத்தை மறைப்பது ஆகாத காரியம். ஆகவே தீர்த்துக்கட்ட வேண்டியவர்களைக் கும்பல்கள் கடந்த காலத்துக்கு அனுப்பிவிடுகின்றன. சுடுவதும் பிணத்தை எரிப்பதும் இங்கிருக்கும் கூலிக்காரன் பாடு.

இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் கவனித்தால், அறிவியல் புனைவுப் படங்களுக்கு நிழலுலகத் தலைவன் எதற்குத் தேவைப்படுகிறான் என்பது பிடிபடும். ஒரு புதிய கண்டுபிடிப்பு வந்தால் சட்டம் எந்த இடத்தைக் காலி செய்துவிட்டுப் போகிறது என்பதைக் காட்டவே அவன் வருகிறான்; நாயகனிடம் அடி வாங்குவது அவனுடைய உபரி வேலை. ‘லூப்பர்’ கும்பலிடம் இருப்பது ஒரு முழுத் தொழில். எதிர்கால நோட்டு பழைய காலத்தில் செல்லாது, உலோகம் செல்லும் என்பதால் வெள்ளி. உள்ளூர் ஆட்களை மேய்க்க, கிளை மேலாளர் மாதிரி, எதிர்காலத்திலிருந்தே அனுப்பப்பட்ட ஏப் என்ற பெரியவர். ஒருநாள் வந்து விழும் பிணத்தின் முதுகில் வெள்ளிக்குப் பதில் தங்கம் இருக்கும். அப்படியென்றால் சுட்டவன் சுட்டது முப்பது வயது கூடிய தன்னையேதான். சாட்சியும் ஒழிந்தது, ஒப்பந்தமும் முடிந்தது. தங்கத்தை வைத்துக்கொண்டு முப்பது வருடம் அனுபவித்துவிட்டுச் சாகலாம். இவ்வளவு நேர்த்தியாக ஒரு குற்ற நிறுவனத்தின் கணக்கேட்டைப் பிரித்துக் காட்டிய படம் இந்த வகையில் வேறு இல்லை என்றே சொல்வேன்.

இத்தாலியச் சமூகவியலாளர் தியேகோ காம்பெட்டா 1993-ல் சிசிலி மாஃபியா பற்றி எழுதிய நூலில், மாஃபியா அடிப்படையில் விற்பது பாதுகாப்பு என்ற சரக்கைத்தான் என்று வாதிட்டார். அரசை நம்ப முடியாத இடத்தில் இருவர் கொடுக்கல் வாங்கல் செய்ய வேண்டுமென்றால், ஏமாற்றினால் கேட்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் மாமூல் வாங்குவான். நம்மூர்க் கட்டப்பஞ்சாயத்தை அறிந்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களின் தாதா ஜப்பா த ஹட் உட்கார்ந்திருப்பதும் இப்படியோர் இடத்தில்தான். ஒரு கிரகத்தையே தூளாக்கும் ஆயுதம் பேரரசிடம் இருக்கிறது. ஆனால் டாட்டூயின் கிரகத்தில் கடத்தல்காரன் ஹான் சோலோ பயப்படுவது ஜப்பாவின் கடனுக்கு. 1999-ல் வந்த ‘த ஃபாண்டம் மெனஸ்’ இதை இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறது: குடியரசின் நாணயம் அந்தக் கிரகத்தில் செல்லாது, அதன் அடிமை ஒழிப்புச் சட்டமும் அங்கே எட்டாது.

இதெல்லாம் பழைய கேங்ஸ்டர் படத்துக்குப் புதுச் சட்டை மாட்டிய வேலைதானே என்று ஒருவர் கேட்கலாம். ஜப்பா விஷயத்தில் அது பாதி உண்மை. விண்கலத்தை எடுத்துவிட்டுக் கப்பலை வைத்தாலும் அவர் அசையாமல் அங்கேயேதான் இருப்பார். ஆனால் கால எந்திரத்தை எடுத்துவிட்டால் ‘லூப்பர்’ கும்பலுக்குப் பிழைப்பே கிடையாது. பிணத்தை மறைக்க முடியாத அதே காலத்தில் நாயகனின் மனைவியை மட்டும் கும்பல் எப்படிச் சுட்டது என்ற ஓட்டையும் படத்தில் உண்டு. ஓட்டை ஓட்டைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அது ஒரு காட்சியின் பிழை. தடை செய்யப்பட்ட பொருளுக்குக் குற்றவாளியே ஏகபோக முதலாளி ஆவான் என்ற அடிப்படைக் கணக்கை அது தொடவில்லை. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தபோது அல் கபோன் சிகாகோவை ஆண்டது இந்தக் கணக்கின்படிதான்.

அப்படியானால் தடையை நீக்கிவிட்டால் தாதா ஒழிந்துபோவானா? மதுவிலக்கு போன பிறகும் அமெரிக்க மாஃபியா சூதாட்டம், தொழிற்சங்கம் என்று வேறு கடை திறந்துகொண்டது. பால் வெர்ஹோவனின் ‘ரோபோகாப்’ (1987) இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறது. டெட்ராய்ட் நகரின் காவல்துறையையே ஓசிபி என்ற நிறுவனம் நடத்துகிறது. ரவுடித் தலைவன் கிளாரன்ஸ் பாடிக்கருக்குப் படியளப்பவர் அதே நிறுவனத்தின் மேலதிகாரி டிக் ஜோன்ஸ். கட்டப்போகும் புது நகரத்துக்கு வரும் தொழிலாளர்களிடம் போதையும் சூதும் விற்கும் உரிமையை அவர் இவனுக்கு ஆசை காட்டுகிறார். இயந்திரப் போலீஸ் ஜோன்ஸைக் கைது செய்யப் போனால் அதன் உடம்பே மடங்கி விழுகிறது. நிறுவன மேலதிகாரிகள் மீது கை வைக்கக் கூடாது என்று நான்காவது விதியாக ரகசியமாக எழுதிவைத்திருக்கிறார்கள். கிழட்டு முதலாளி ஜோன்ஸை வேலையை விட்டுத் தூக்கிய பிறகுதான் துப்பாக்கி வெடிக்கிறது. தடையே தேவையில்லை, சட்டம் விலைக்குப் போனாலும் தாதா வளர்வான் என்பதற்கு அந்த ஒரு காட்சி போதும்.

தமிழில் ஆர். ரவிகுமாரின் ‘இன்று நேற்று நாளை’ (2015) கால எந்திரம் கிடைத்த இரண்டு இளைஞர்களை, தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துச் சொல்லும் ஜோசியத் தொழிலில் இறக்கியது. நல்ல கிண்டல், நல்ல கணக்கும்கூட. ஆனால் என்கவுன்ட்டரில் செத்திருக்க வேண்டிய ரவுடி தற்செயலாகப் பிழைத்ததும் படம் வழக்கமான துரத்தலுக்குத் திரும்பிவிடுகிறது. ‘மார்க் ஆண்டனி’யில் (2023) கடந்த காலத்துக்குப் பேசும் தொலைபேசி தாதா குடும்பங்களிடமே வந்து சேர்கிறது; அவர்களோ அதை வைத்துச் சொந்தப் பகை தீர்க்கிறார்கள், தொழில் செய்யவில்லை. எஸ்.ஜே. சூர்யாவின் ஆட்டத்துக்காகத் தாராளமாகப் பார்க்கலாம். அந்தத் தொலைபேசியை வைத்து மாமூல் வசூலிக்கும் தாதாவைத் தமிழ்த் திரைக்கதை ஆசிரியர் யாராவது எழுத வேண்டும்.