சிரிப்பின் பின்னே நிற்கும் நடிப்பு

நகைச்சுவை நாடகம் பார்த்து வீடு திரும்புகையில், "வயிறு வலிக்கச் சிரித்தோம்" என்று சொல்கிறோமேயன்றி, நம்மை எவ்வாறு சிரிக்க வைத்தனர் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. அழ வைப்பவரை நடிகர் என்று போற்றுகிறோம்; சிரிக்க வைப்பவரைக் கோமாளி என்று சொல்லிவிடுகிறோம். இது நியாயமன்று. எட்டு மெய்ப்பாடுகளை வகுத்த தொல்காப்பியர், நகையைத்தான் முதலாவதாக வைத்தார்.

அடுத்த முறை நாடகத்திற்குச் செல்லும்போது, சில நுட்பங்களைக் கவனிப்போம்.

முதலாவது, நடிகரின் முகத்தில் தென்படும் உறுதி. பம்மல் சம்பந்த முதலியாரின் 'சபாபதி'யில் எஜமானருக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர். 1941-இல் அது படமானபோது காளி என். ரத்தினம் ஏற்ற வேலைக்காரன், தான் செய்வது முற்றிலும் சரியே என்று நம்புகிறவன். 1968-இல் மேடையேறிய 'முகம்மது பின் துக்ளக்'கில் சோ அவர்களும் சுல்தானின் கோணல் திட்டங்களை மிகுந்த கம்பீரத்தோடுதான் அறிவித்தார். தாம் வேடிக்கை செய்வதாக நடிகர் காட்டிக்கொண்டால், அக்கணமே சிரிப்பு அடங்கிவிடும்.

இரண்டாவது, நிறுத்தம். 1976-இல் 'கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' எழுதி, அதனாலேயே அடைமொழி பெற்ற கிரேசி மோகன் (மறைவு 2019) நாடகங்களில் சிலேடைகள் மழைபோல் பொழியும். அங்கே சபையின் சிரிப்பு அலைபோல் எழுந்து தணியும். உச்சியில் இருக்கும்போதே அடுத்த வசனத்தைச் சொன்னால் அது காதில் விழாது. முற்றும் ஓயும்வரை காத்தால் நாடகம் தொய்ந்துவிடும். சிரிப்பு இறங்கத் தொடங்கும் தருணமே தக்க தருணம். அதுவரை நல்ல நடிகர் மரம்போல் நில்லார். துண்டை உதறுவார், எதிரிலிருப்பவரை முறைப்பார்.

மூன்றாவது, கேட்பவரின் நடிப்பு. பேசுபவரை விட்டுக் கேட்பவரைப் பாருங்கள். ஒரு செய்தியைக் கேட்டுத் தலையசைத்து, இரண்டடி நடந்து, பிறகுதான் பொருள் உறைத்துச் சட்டென்று திரும்புவார். சிரிப்பில் பாதி அந்தத் திரும்புதலில் பிறக்கிறது.

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இதில் தனிக் கவலையும் உண்டு. அரங்கில் நாம் சிரிக்கிறோம். பிள்ளைகள் நம் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார்கள். உடலால் செய்யும் வேடிக்கை அவர்களுக்கு எட்டுகிறது, சிலேடை எட்டுவதில்லை. "என்ன சொன்னார்?" என்று கேட்டால், "அப்புறம் சொல்கிறேன்" என்கிறோம், சொல்வதே இல்லை. பாட்டி கேலியாகச் சொல்லும் ஒரு சொல்லையும் நாளை அவர்கள் இவ்வாறே தவறவிடுவார்கள்.

ஆகவே, அன்றிரவே சொல்லுவோம். விளக்கிய சிலேடை சுவைக்காதுதான். ஆயினும் அடுத்த சிலேடைக்குச் செவி பழகும். மறுநாள் அக்காட்சியைக் கூடத்தில் பிள்ளைகளையே நடிக்கச் செய்வோம். எங்கே நிறுத்துவது, யார் முகத்தைப் பார்ப்பது என்று தேடும்போது, சொல்லின் இரு பொருளும் அவர்களுக்கு விளங்கும். நம் ஆண்டு விழா மேடைக்கும் அதுவே நல்ல ஒத்திகை.

நம் முகத்தைப் பாராமல், நமக்கு முன்னரே பிள்ளை சிரிக்கும் ஒரு நாள் வரட்டும். நாடகத்திற்குக் கொடுத்த கட்டணம் அன்றே வசூலாகிவிடும்.