சிறுநீரில் போன இட்லி எங்கே சேர்கிறது?

சுகர் மருந்தான செமாக்ளூடைடு ஊசிக்கு இந்தியக் காப்புரிமை 2026 மார்ச் வரைதான். விலை இறங்கும் என்ற பேச்சு கிளம்பியதும் வாசகர் கடிதங்கள் குவிகின்றன. பலவற்றிலும் ஒரே குழப்பம்: சுகருக்கான ஒரு மருந்து உடம்பை இளைக்க வைக்கிறதென்றால், இத்தனை வருடம் விழுங்கிய மாத்திரை ஏன் எடையை ஏற்றியது?

மருந்தோடு வரும் தாள் ‘எடை கூடலாம்’ என்று இரண்டே சொல்லில் முடித்துக்கொள்ளும். மருத்துவர் ‘வாயைக் கட்டுங்கள்’ என்பார். நோயாளி ஏதோ திருட்டுத்தனமாகத் தின்றுவிட்டது போன்ற பேச்சு இது. நியாயமில்லை.

விடை நோயின் பழைய பெயரிலேயே இருக்கிறது: மதுமேகம். இனித்த சிறுநீர், அதில் மொய்த்த எறும்பு. ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால் சிறுநீரகத்தால் எல்லாவற்றையும் மீட்க முடியாது. மிச்சம் வெளியே வழிகிறது. நாளுக்கு 70 கிராம் போனால் 280 கலோரி நஷ்டம். சின்ன இட்லி ஐந்தைத் தின்று, கணக்கில் ஏறாமல் கழித்துவிடுவதற்குச் சமம். சுகர் கட்டுமீறியவர் மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிட்டும் இளைப்பது இதனால்தான்.

மருந்து வேலை செய்கிறது. சர்க்கரை 180-க்குக் கீழே வருகிறது. கசிவு அடைபடுகிறது. தட்டில் அதே சாப்பாடுதான், ஆனால் அந்த ஐந்து இட்லியும் இப்போது உடம்பிலேயே தங்குகிறது. ஏறும் எடையில் ஒரு பகுதி, நோய் தின்றுகொண்டிருந்ததை உடம்பு திரும்பப் பெறுவது. கூடவே, கொழுப்பைக் கரையவிடாமல் சேமிக்கச் சொல்வது இன்சுலினின் இயல்பு. பிரிட்டனில் நடந்து 1998-ல் முடிவு வெளியான யு.கே.பி.டி.எஸ். ஆய்வில், பத்தாண்டுகளில் இன்சுலின் போட்டவர்களுக்கு, பெரும்பாலும் உணவுக் கட்டுப்பாட்டில் விடப்பட்டவர்களைவிடச் சராசரியாக 4 கிலோ கூடியது. கிளிபென்கிளமைடு மாத்திரைக்காரர்களுக்கு 1.7 கிலோ. மருந்தால் சர்க்கரையை இறுக்கிக் கட்டுப்படுத்திய அதே தீவிர சிகிச்சை கண், சிறுநீரகம் போன்ற சிறு ரத்தநாளப் பாதிப்புகளை 25 சதவீதம் குறைத்தது.

இந்தக் கணக்கை அப்படியே தலைகீழாகத் திருப்பியவை டாபாகிளிப்ளோசின், எம்பாகிளிப்ளோசின் மாத்திரைகள். சிறுநீரகம் சர்க்கரையை மீட்கும் வழியை அடைத்து, வேண்டுமென்றே வெளியே விடுகின்றன. நோய் செய்த வேலையையே அளவோடு செய்யவைக்கும் யோசனை அபாரமானது. இரண்டின் காப்புரிமையும் இந்தியாவில் முடிந்து விலை இறங்கிவிட்டது.

கிளிமிபிரைடு வேறு வழியில் எடை ஏற்றும். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டும் மாத்திரை அது. பதினோரு மணிக்குக் கை நடுங்கி வியர்த்தால் பிஸ்கட் தேடத்தான் வேண்டும். அது நாவடக்கம் இல்லாத குறையல்ல, உயிர்காப்பு. இப்படித் தினமும் நேர்ந்தால் மருந்தின் அளவு அதிகமாக இருக்கலாம்.

கவலை தருவது பயோகிளிட்டசோன். கல்லீரல், வயிற்றுள் கொழுப்பைத் தோலடிக்கு நகர்த்தும். உடம்பில் நீரும் தேக்கும். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் அச்சத்தால் 2013 ஜூனில் மத்திய அரசு இதன் விற்பனையை நிறுத்தியது. ஜூலை இறுதியிலேயே எச்சரிக்கை வாசகத்தோடு திரும்ப அனுமதித்தது. ஆறே வாரத்தில் மாறிய முடிவை எந்த அளவுக்கு நம்புவது என்று வாசகர் கேட்டால் அதைத் தப்பென்று சொல்ல முடியாது. இன்று கிளிமிபிரைடு, மெட்பார்மின், பயோகிளிட்டசோன் மூன்றும் சேர்ந்த ஒற்றை மாத்திரை சகஜமாக எழுதப்படுகிறது. பெரிய எழுத்தில் இருப்பது வணிகப் பெயர். அட்டையின் பின்னால் உள்ள பொடி எழுத்தைப் படித்தால்தான் தெரியும், எடை ஏற்றும் மருந்து அதில் இரண்டு இருப்பது.

இன்னும் சில கேள்விகள். மெட்பார்மின் எடை ஏற்றுமா? பொதுவாக இல்லை; சிலருக்குச் சற்றே குறையும்.

இன்சுலினை நிறுத்தினால் இளைக்குமா? இளைக்கும், நோய் முற்றி. முதல் வகை நீரிழிவில் உயிருக்கே ஆபத்து.

செமாக்ளூடைடை நிறுத்திய பிறகு? இழந்த எடையில் பெரும்பகுதி பலருக்குத் திரும்புகிறது.

சில நாளிலேயே எடை ஏறி, கால் வீங்கி, படுத்தால் மூச்சு வாங்கினால்? அது நீர், பயோகிளிட்டசோன் எடுப்பவர் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.