கோலேந்திய கோமாளி

அழுகின்ற குழந்தையைத் தகப்பன் வெளியே வீசி எறிகிறான். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்க வந்த மனைவியைத் தடியால் அடித்துச் சாய்க்கிறான். மருத்துவர் வருகிறார், அவருக்கும் அடி. காவலர் வருகிறார், அவருக்கும் அடி. தூக்கிலிட வந்தவனையே அவன் கொண்டுவந்த கயிற்றில் மாட்டித் தொங்கவிடுகிறான். இத்தனையையும் கண்டு கூடிநிற்கும் மக்கள் வயிறு குலுங்கச் சிரிக்கின்றனர். இது ஏதோ ஒரு கொலைவழக்கின் விவரமன்று. இங்கிலாந்து நாட்டில் மூன்றரை நூற்றாண்டுகளுக்கு மேலாக வாழ்ந்துவரும் பாவைக்கூத்து நாயகன் ஒருவனின் பழைய கதைச் சுருக்கம்.

திருவாளர் பஞ்ச் என்று அந்நாட்டார் அவனை மரியாதையுடனேயே குறிப்பிடுவர். பெயரைக் கேட்டுப் பஞ்சுபோல் மென்மையானவன் என எண்ணிவிட வேண்டா. கூன் முதுகு, தாடையைத் தொடுமளவு வளைந்த மூக்கு, கீச்சுக்குரல், கையில் தடி ஆகியவையே அவனுடைய இலட்சணங்கள். அவன் மனைவியின் பெயர் ஜூடி. குடும்பங்கள் வாசிக்கும் இதழில் இத்தகையவனுக்கு என்ன வேலை எனச் சிலர் கேட்கக்கூடும். மக்கள் எதைக் கண்டு சிரித்தனர், எப்போது அந்தச் சிரிப்பு அவர்களுக்குக் கூச்சம் தந்தது என்பதை இவ்வளவு நெடுங்காலத்திற்குத் தொடர்ந்து காட்டும் கூத்துகள் அரியவை. அதனாலேயே அவனைப்பற்றி எழுதத் துணிந்தோம்.

பஞ்சின் பூர்வீகம் இத்தாலி. நேப்பிள்ஸ் நகரத்து முகமூடி நாடகங்களில் 'புல்சினெல்லா' என்றொரு கோமாளி உண்டு. அவன் கடல்கடந்து இங்கிலாந்து சேர்ந்தபோது பெயர் குறுகிப் பஞ்ச் ஆயிற்று. தூய்மைவாதிகளின் ஆட்சியில் 1642 முதல் அடைபட்டுக் கிடந்த இலண்டன் நாடக அரங்குகள், 1660-இல் மன்னராட்சி திரும்பியபின் மறுபடியும் திறக்கப்பட்டிருந்த நேரம் அது. கடற்படை அலுவலரும் நாட்குறிப்பால் புகழ்பெற்றவருமான சாமுவேல் பீப்ஸ், 1662 மே 9 அன்று கோவென்ட் கார்டன் சதுக்கத்தில் இத்தாலியர் ஒருவரின் பாவைக்கூத்தைக் கண்டு மெச்சி எழுதினார். சில நாள்களில் மனைவியையும் அழைத்துக்கொண்டு மீண்டும் சென்றார். அவ்வாண்டு அக்டோபரில் இரண்டாம் சார்லஸ் மன்னரின் அரண்மனையிலும் அக்கூத்து நடைபெற, கலைஞருக்குப் பொற்சங்கிலியும் பதக்கமும் பரிசாகக் கிடைத்தன. பீப்ஸ் குறிப்பெழுதிய அந்நாளையே பஞ்சின் பிறந்தநாளாகக் கொண்டாடுகின்றனர்.

அந்நாளைய பஞ்ச் கொலைகாரன் அல்லன். மேலிருந்து ஆட்டப்படும் பாவை. தனக்கென ஒரு கதையும் அவனுக்கு இருந்ததில்லை. பிறர் கதைகளுக்குள் அழையா விருந்தாளியாய் நுழைந்து குறும்பு செய்வதே அவன் தொழில். விவிலியக் கதைகளும் அவனிடமிருந்து தப்பவில்லை. கோவென்ட் கார்டனில் தூய பவுல் ஆலயத்திற்கு எதிரே மார்ட்டின் பவல் என்பவர் பாவை அரங்கு நடத்தினார். அவருடைய நிகழ்ச்சிகளில் நோவா காலத்துப் பெருவெள்ளத்தின் நடுவிலும் பஞ்ச் ஆடிப்பாடுவானாம். 1711-ஆம் ஆண்டு 'ஸ்பெக்டேட்டர்' ஏட்டில் அவ்வாலயத்தின் மணியடிப்பவர் எழுதியதுபோல் கேலிக் கடிதம் ஒன்று வெளிவந்தது. தாம் வழிபாட்டிற்காக அடிக்கும் மணியைக் கேட்டு மக்கள் கூட்டம் கூட்டமாக வருகின்றனர், ஆனால் ஆலயத்திற்குள் அன்று, எதிரேயுள்ள பாவைக்கூத்திற்குள் என்பதே அம்மனிதரின் முறையீடு. எழுதியவர் ரிச்சர்ட் ஸ்டீல் என்னும் நகைச்சுவையாளர்தாம். ஆயினும் பங்குக் குருவாயிருக்கும் எவரும் அதை வெறும் நகைச்சுவையாகப் படித்துவிட இயலாது!

பஞ்சைத் திருத்தும் முயற்சியும் அந்நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. ஹென்றி ஃபீல்டிங் 1749-இல் வெளியிட்ட 'டாம் ஜோன்ஸ்' என்னும் புதினத்தில் ஒரு பாவைக்கூத்தாடி வருகிறார். கீழ்த்தரமான பஞ்சையும் அவன் மனைவியையும் நீக்கிவிட்டு, ஒழுக்கத்தை வளர்க்கும் நாடகம் நடத்துவதாக அவருக்குப் பெருமை. கூத்து முடிந்து அவர் தம் பணியின் மேன்மையைப் பற்றி விரித்துரைத்துக் கொண்டிருக்கையிலேயே, விடுதிப் பணிப்பெண் ஒருத்தி அவருடைய கோமாளியோடு தகாத நிலையில் பிடிபடுகிறாள். அதட்டிய தலைவிக்கு, தான் கண்ட நாடகத்தையே அவள் சாக்காகச் சொல்கிறாள். நல்லதைச் சொல்கிறோம் என்னும் எண்ணமே நம் பேச்சைச் சுவையுடையதாக்கிவிடாது என்பதைப் பிரசங்க மேடையில் நின்று பழகிய நாமும் அறிவோம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பெருமாற்றம் ஒன்று நேர்ந்தது. நூற்பாவைகளுக்கு அரங்கும் ஆட்களும் வேண்டும், செலவு மிகுதி. தெருவில் பிழைப்பு நடத்தியவர்கள், ஓர் ஆள் நிற்குமளவுள்ள துணிக்கூண்டைத் தோளில் சுமந்து செல்லத் தலைப்பட்டனர். பாவையும் விரல்களை நுழைத்து ஆட்டும் கையுறைப் பாவையாயிற்று. நகைச்சுவையின் போக்கையே மாற்றிய நிகழ்ச்சி இதுவென்று கருதுகிறோம். கூத்தாடிக்கு இருப்பன இரண்டே கைகள். வலக்கையில் எப்போதும் பஞ்ச். ஏனையோர் அனைவரும் இடக்கையில் ஒருவர்பின் ஒருவராகவே வர இயலும். வந்தவர் போனால்தான் அடுத்தவர் வரலாம். அவரை அனுப்ப எளிய வழி தடி! நூலில் தொங்கும் பாவையால் அழகாக நடனமாட முடியும். கையுறைப் பாவையால் பொருளை இறுகப் பற்றி ஓங்கி அடிக்க முடியும். நுனி பிளந்த தடியாதலின் ஓசை பெரிது, வலியோ மரத்திற்கு இல்லை.

கீச்சுக்குரலுக்கும் ஒரு கருவி உண்டு. 'ஸ்வாசில்' எனப்படும் அது, இரு சிறு உலோகத் தகடுகளுக்கிடையே நாடாவை இழுத்துக் கட்டியது. அதை மேலண்ணத்தில் ஒட்டவைத்துக்கொண்டு பஞ்சாகப் பேச வேண்டும். பிறர் பேசும்போது நாவினால் நகர்த்திக்கொள்ள வேண்டும். அதனை இருமுறை விழுங்கியவனே முழுமையான கூத்தாடி என்பது அத்தொழிலாளரிடையே வழங்கும் வேடிக்கைப் பேச்சு. அவர்கள் தங்களைப் 'பேராசிரியர்' என்று அழைத்துக்கொள்வர். எந்தப் பல்கலைக்கழகமும் இதுகாறும் ஆட்சேபித்ததாகத் தெரியவில்லை.

இலண்டன் தெருக்களில் கூத்து நடத்திய பிச்சினி என்னும் முதிய இத்தாலியரின் நிகழ்ச்சியைக் கண்டு, ஜான் பெய்ன் காலியர் என்பார் எழுத, ஜார்ஜ் குருக்ஷாங்க் ஓவியம் தீட்ட, 1828-இல் ஒரு நூல் வெளிவந்தது. காலியர் பிற்காலத்தில் சேக்ஸ்பியர் தொடர்பான போலி ஆவணங்களை உருவாக்கியவர் என்னும் பழிக்கு ஆளானவர்; ஆதலால் அவர் எழுதியதில் எவ்வளவு பிச்சினியுடையது என்னும் ஐயம் உண்டு. எனினும் நாம் தொடக்கத்தில் சொன்ன கதை இந்நூலில் முழுவடிவில் காணப்படுகிறது. முன்பு ஜோன் என வழங்கிய மனைவி இதில் ஜூடி ஆகிவிட்டாள். குழந்தையை இழந்த ஆத்திரத்தில் தடியோடு வந்து முதலில் அடிப்பவள் அவளே. பஞ்ச் அத்தடியைப் பறிக்கிறான். அதன்பின் அவள் எழுவதில்லை.

தூக்கிலிடுபவன் காட்சி மிகவும் புகழ்பெற்றது. சுருக்கில் தலையை எப்படி நுழைப்பதென்று தெரியாதவன்போல் பஞ்ச் பாசாங்கு செய்கிறான். இப்படித்தான் என்று செய்துகாட்டத் தலையை நீட்டிய தூக்காளி தானே தொங்குகிறான். இதில் சிரிக்க என்ன இருக்கிறதென்று நாம் கேட்கலாம். அன்றைய இங்கிலாந்தில் 200-க்கும் மேற்பட்ட குற்றங்களுக்கு மரணதண்டனை சட்டத்தில் இருந்த காலம் அண்மையிலேயே கடந்திருந்தது. சிறு திருட்டுக்கும் உயிர் போகலாம். தூக்கிலிடுதலும் பொதுமக்கள் முன்னிலையில் நடந்தது. அத்தூக்குமரத்தை நேரில் கண்ட ஏழைகளே தெருக்கூத்தின் முன் நின்றவர்கள். அவர்கள் சிரித்தது கொலையைக் கண்டன்று. அச்சம் ஒரு கணம் தலைகீழானதைக் கண்டு. இறுதியில் பேய் வருகிறது. அதனையும் பஞ்ச் அடித்து வீழ்த்துகிறான். சாத்தானைத் தடியால் வெல்லலாம் என்னும் இறையியல் நமக்குக் குருமடத்தில் கற்பிக்கப்படவில்லை. எனினும் அந்த மக்களின் ஏக்கத்தைப் புரிந்துகொள்ள முடிகிறது.

இக்கூத்து மக்களைக் கெடுக்குமா என்பது பற்றி, 1849-இல் தாம் எழுதிய கடிதமொன்றில் சார்லஸ் டிக்கன்ஸ் கருத்துரைத்தார். வாழ்க்கையின் கடுமையிலிருந்து விடுவிக்கும் மிகைக் கற்பனை இது. இதனை எவரும் நடத்தைக்கு வழிகாட்டியாகக் கொள்வதில்லை. அறம் போதிக்கச் செய்தால் மக்கள் மீதுள்ள பிடியை இழந்துவிடும் என்பது அவர் முடிபு.

போதனையை எவரும் புகுத்தவில்லை. ஆனால் இரயில்வண்டி வந்தது. நகரத்துக் குடும்பங்கள் விடுமுறைக்குக் கடற்கரை செல்லத் தொடங்கின, பஞ்சும் பின்தொடர்ந்தான். வேல்ஸ் நாட்டு லாண்டட்னோ கடற்கரையில் 1860-இல் ரிச்சர்ட் காட்மன் தொடங்கிய கூத்தை அவர் வழிவந்தோர் தலைமுறை தலைமுறையாக நடத்திவருகின்றனர். இப்போது முன்வரிசையில் அமர்ந்தவர்கள் குழந்தைகள். 1868-இல் பொது இடத்தில் தூக்கிலிடுவதும் நின்றது. தூக்காளி யாரென்றே அறியாத பிள்ளைகளுக்கு அவன் தோல்வியில் என்ன மகிழ்ச்சி? அவன் மெல்ல மறைந்தான். பேயின் இடத்திற்கு முதலை வந்தது. 'சாசேஜ்' எனப்படும் இறைச்சிப் பண்டத்தை மாலைபோலத் தொடுத்துவைத்து, அதை முதலை இழுக்க, பஞ்ச் இழுக்க, பின்னால் பார் என்று பிள்ளைகள் கூச்சலிட, கூத்து களைகட்டியது. பாவையின் மூக்கைக் கவ்வும் 'டோபி' என்னும் உயிருள்ள நாயும் அக்காலத்தில் பெரும்புகழ் பெற்றிருந்தது.

இங்கே ஒன்றை நோக்க வேண்டும். தூக்காளி போனான், பேய் போயிற்று. ஜூடிக்கு விழுந்த அடி மட்டும் போகவில்லை. பெரியவர்களுக்குத் தூக்குக்கயிறு பிள்ளைகள் பார்க்கத் தகாததாகப்பட்டது; மனைவியை அடிப்பது தகாததாகப்படவில்லை. இவ்விரு சிரிப்பையும் ஒன்றெனக் கொள்ள நம்மால் இயலவில்லை. தூக்காளி அடிபடும்போது எளியவன் வலியவனைப் பார்த்துச் சிரிக்கிறான். ஜூடி அடிபடும்போது சிரிப்பது யார்? கூத்துப் பார்த்த கூட்டத்தில் தூக்குமேடை ஏறவிருந்தவர் ஒருவரோ இருவரோ. வீட்டில் அடிவாங்கிய பெண்களோ எத்தனை பேர்? டிக்கன்ஸ் இக்கேள்வியைக் கேட்கவில்லை. மரத்தை மரம் அடிக்கும் விளையாட்டாகவே பிள்ளைகள் இதைக் காண்கின்றனர் என்று கூத்தாடிகள் கூறுவது உண்மையே. ஆனால் அக்கூட்டத்தில் ஒரு பிள்ளை முந்தின இரவு தன் வீட்டில் வேறொன்றைக் கண்டிருக்கலாம்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் இவ்வினா இங்கிலாந்தில் மீண்டும் மீண்டும் எழுந்தது. கூத்து அழிந்துவிடவில்லை. 1975 முதல் கோவென்ட் கார்டன் தூய பவுல் ஆலயத் தோட்டத்தில் மே மாதத்தில் பாவைக்கூத்தாடிகள் கூடும் விழா நடைபெறலாயிற்று. அவ்விழா நாளில் ஆலயத்துள் நிகழும் வழிபாட்டில் பஞ்ச் பிரசங்க மேடையிலேயே தோன்றுவதுண்டு. எதிர்வாடையிலிருந்து ஆள் இழுத்தவனுக்கு உள்ளேயே இடம் கிடைத்துவிட்டது! 2012-இல் அவனுடைய 350-ஆம் ஆண்டினையும் அப்பகுதியிலேயே கொண்டாடினர்.

இன்றைய பேராசிரியர்களுள் பெண்களும் உள்ளனர். ஜூடியை என்ன செய்வது என்பதை ஒவ்வொருவரும் தாமே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. பழைய சிக்கல் அப்படியே இருக்கிறது: இடக்கை ஒன்றுதான், காவலரோ முதலையோ வரவேண்டுமானால் ஜூடி கீழே இறங்கியாக வேண்டும். பழைய வழக்கப்படி அடித்து இறக்குவோர் இன்றும் உளர். சிலர் தடியை அவள் கையில் கொடுத்துப் பஞ்சை நன்றாக வாங்கவைக்கின்றனர். வேறு சிலர், குழந்தையைப் பார்த்துக்கொள் என்று கூறி அவளை வெளியே அனுப்பிவிடுகின்றனர். இறுதிக் காட்சியில் அவள் திரும்பி வரும்போது குழந்தையும் பத்திரமாகக் கிடைத்துவிடுகிறது.