அதிர்ஷ்டம் பற்றி இலத்தீன் பழமொழிகள்



'கொடுக்கிற தெய்வம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும்' என்பது நாம் அனைவரும் அறிந்த பழமொழி. 'விதியை மதியால் வெல்லலாம்' என்பதும் நம்முடையதே. ஒன்றுக்கொன்று முரணான இவ்விரண்டையும் சமயத்துக்குத் தக்கபடி சொல்லிக்கொள்கிறோம். பழைய ரோமானியரும் இதில் நம்மைப் போலத்தான்.

அதிர்ஷ்டம் என்ற வடசொல்லுக்குக் 'கண்ணுக்குத் தெரியாதது' என்று பொருள். ரோமானியரோ அதற்கு உருவம் கொடுத்து, ஃபோர்ச்சூனா என்ற தேவியாக வணங்கினார்கள். அவள் ஒரு கையில் கப்பலின் சுக்கான், மறு கையில் கனிகள் நிறைந்த கொம்பு. கடல் கடந்து பொருள் தேடியவர்களுக்கு ஏற்ற தெய்வம். அவர்களுடைய கப்பல்கள் மிளகு வாங்க நமது மேற்குக் கரையின் முசிறிக்கு வந்தன. திருச்சூர் மாவட்டத்து எய்யாலிலும் கோயம்புத்தூர் வட்டாரத்திலும் ரோமானிய நாணயங்கள் கிடைத்துள்ளன. கரையையும் கொங்கு நாட்டையும் இணைத்த வழி பாலக்காட்டுக் கணவாய். 19ஆம் நூற்றாண்டில் சென்னையிலிருந்து மேற்குக் கரைக்கு இரயில் பாதை போட்டவர்களும் அதே வழியைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

முசிறியைப் பற்றி எழுதியவர்களுள் ஒருவர் மூத்த பிளினி. கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது அவர் கடற்படைத் தளபதி. மக்களை மீட்கக் கப்பலில் புறப்பட்டார். சாம்பல் மழையைக் கண்டு, திரும்பிவிடலாம் என்றார் மாலுமி. துணிந்தவனுக்கு அதிர்ஷ்டம் துணை நிற்கும் என்ற பழமொழியைச் சொல்லி மேலே செல்லப் பணித்தார் பிளினி. மறுநாள் கடற்கரையிலேயே அவர் உயிர் பிரிந்தது. இதை எழுதிவைத்தவர் அவருடைய சகோதரி மகன். உலகெங்கும் மேற்கோள் காட்டப்படும் இப்பழமொழிக்கு இப்படியும் ஒரு முடிவு உண்டு.

இரண்டாவது பழமொழி, அதிர்ஷ்டத்தைக் கண்ணாடிக்கு ஒப்பிடுவது: பளபளக்கும் நேரத்திலேயே உடையும். லாட்டரிச் சீட்டு வாங்கும் நம்மவர்கள் இதை நினைக்க வேண்டும். கேரள அரசு லாட்டரியின் முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26 அன்று நடந்தது. தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரி தடை செய்யப்பட்ட பிறகு, அங்கிருந்து வருபவர்களும் இங்கே சீட்டு வாங்குகிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து லட்சம் சீட்டுக்கு ஒரு முதல் பரிசு என்றால், வாரம் ஒரு சீட்டு வாங்குபவர் சராசரியாக 19,000 ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும்!

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: அவனவன் அதிர்ஷ்டத்துக்கு அவனவனே கொல்லன். இது அப்பியஸ் கிளாடியஸ் என்பவர் சொன்னதாக வழங்குகிறது. கி.மு. 312இல் ரோமின் புகழ்பெற்ற அப்பியன் சாலையையும், அந்நகரின் முதல் நீர்க்கால்வாயையும் தொடங்கிவைத்தவர் அவர்தான். சாலை போட்டவர் வாயில் இந்தச் சொல் வந்ததில் வியப்பில்லை.

இரயில்வேயில் நாங்கள் அதிர்ஷ்டத்தை நம்பி எதையும் அமைப்பதில்லை. பழைய கை சிக்னலை எடுத்துக்கொள்ளுங்கள். அதை இழுக்கும் கம்பி அறுந்துபோனால், எதிர்எடையின் பாரத்தால் கை தானாகவே 'நில்' என்ற நிலைக்கு வந்துவிடும். கம்பி ஒருநாள் அறுந்தே தீரும் என்று முன்கூட்டியே எண்ணிச் செய்த ஏற்பாடு அது. மழைக்காலத்தில் இரவெல்லாம் விளக்குடன் பாதையில் ரோந்து போவதும் அதே எண்ணத்தில்தான்.

சித்திரபுரத்தில் வாழும் நமக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. மூணாறில் 1902இல் தொடங்கி, 1908இல் குறும்பாதையாக மாற்றப்பட்ட குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில், 1924 ஜூலை வெள்ளத்தில் அழிந்தது, மீண்டும் அமைக்கப்படவில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து, தேயிலைத் தோட்ட லயங்களில் உறங்கிய 70 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் நம் தமிழர்கள். செய்தி வெளியே எட்டியதே மறுநாள் காலையில்தான். 'விதி' என்று சொல்லி அழுதோம். மழை நம் கையில் இல்லை, உண்மை. ஆனால் சரிவின் கீழ் வீடு அமைவதும், இரவில் எச்சரிக்கை வந்து சேர்வதும் மனிதர் கையில் உள்ளவை. எல்லாவற்றுக்கும் விதி என்று பெயரிட்டுவிட்டால், அடுத்த மழைக்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்காமலே விட்டுவிடுவோம்.

ஆகவே, இடவப்பாதி மழைக்கு முன் ஒவ்வொரு குடும்பமும் வீட்டுப் பின்புறச் சரிவைப் பாருங்கள். மண்ணில் புது வெடிப்பு, சாய்ந்து வரும் மரம், திடீரெனத் தோன்றும் கலங்கல் ஊற்று ஆகிய மூன்றில் ஒன்று தெரிந்தாலும் பஞ்சாயத்தில் உடனே சொல்லுங்கள். அன்றிரவு அங்கே படுக்காதீர்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.