மஞ்சள் தோட்டாவை ஏன் தனியே வைக்க வேண்டும்?

நிபோங் திபால்: செம்பனைக் கன்று நட்ட புதுக்காட்டில் காட்டுப்பன்றி இறங்கினால் என்ன ஆகும் என்று தென் செபராங் பிறைத் தோட்டத்து மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இளங்கன்றின் குருத்தைத் தின்றுவிட்டுப் போய்விடும். அதற்காகவே நிலம் வைத்திருப்பவர்கள் சிலர் போலீஸ் உரிமத்தோடு வேட்டைத் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள். நடுவில் மடக்கித் திறந்து, தோட்டாவைப் போட்டு மூடும் வகை. மலாயில் செனாப்பாங் பாத்தா என்கிறோம்.

அதில் வேறு அளவுத் தோட்டாவைப் போட்டால் என்ன நடக்கும்? “உள்ளே போகாது, அவ்வளவுதானே” என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உள்ளே போகாத தோட்டாவால் கெடுதல் ஒன்றுமில்லை. தவறான அளவாக இருந்தும் உள்ளே போய்விடுகிற தோட்டாதான் கை விரல்களைப் பறிக்கிறது.

முதலில் அளவைப் பார்ப்போம். வேட்டைத் துப்பாக்கியை 12 போர், 20 போர் என்பார்கள். (இந்தப் போருக்கும் சண்டைக்கும் சம்பந்தமில்லை, துளையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்.) ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக உருட்டினால் ஓர் உருண்டை எத்தனை அகலமோ, அதுவே 12 போர் குழாயின் அகலம்: 18.5 மில்லிமீட்டர். 20 உருண்டைகளாக்கினால் 15.6 மில்லிமீட்டர். எண் கூடக் கூடக் குழாய் சிறுக்கும். பழக்கமில்லாதவர் 20 என்பதைப் பெரிது என்று எடுத்துக்கொள்ள இதுவே போதும்.

20 போர் தோட்டாவின் பித்தளை விளிம்பு ஏறத்தாழ 19.4 மில்லிமீட்டர். 12 போர் துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறை அதைவிடச் சற்று அகலம். அறைக்கு அப்பால் குழாய் 18.5 மில்லிமீட்டராகக் குறுகுகிறது. ஆகவே 20 போர் தோட்டாவை அதில் போட்டால், அறையில் நிற்காமல் வழுக்கி முன்னே போய், குழாய் குறுகும் இடத்தில் சிக்கிக்கொள்ளும். விசையை இழுத்தால் ‘டிக்’ என்ற சத்தம் மட்டும்தான். திறந்து பார்த்தால் அறை காலி. இருட்டில், பன்றி எதிரே நிற்கும் அவசரத்தில், “தோட்டா போடவே மறந்துவிட்டேன் போலிருக்கிறது” என்று தோன்றும். சரியான 12 போர் தோட்டா ஒன்றைப் போடுவார். அது ஒழுங்காக உட்காரும், ஒழுங்காக வெடிக்கும். முன்னால் வழியை அடைத்துக்கொண்டிருப்பதும் மருந்து நிரம்பிய இன்னொரு தோட்டா. சில வேளை அதுவும் சேர்ந்து வெடிக்கும்.

12 போர் தோட்டாவுக்கு அமெரிக்கத் தர விதிகள் அனுமதிக்கும் உச்ச அழுத்தம் ஒரு சதுர அங்குலத்திற்கு 11,500 பவுண்டு. நம் கார் டயரில் அடிக்கும் காற்றைப்போல் சுமார் 350 மடங்கு. வழி அடைபட்டால் அழுத்தம் இதையும் தாண்டிவிடும். குழாய் பிளப்பது அறைக்குச் சற்று முன்னால். சுடுபவரின் இடது கை பிடித்திருக்கும் இடமே அது.

இதனால்தான் 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் என்று உலகின் பெரிய தயாரிப்பாளர்கள் ஒதுக்கிவிட்டார்கள். அமெரிக்காவில் 1960களிலேயே இந்த வழக்கம் வந்துவிட்டது. 12 போர் தோட்டா சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு என எந்த நிறத்திலும் வரும். ஆனாலும் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. பழைய காகிதத் தோட்டாக்களில் இந்த முறை கிடையாது. பித்தளை அடியில் பொறித்த எண்ணையும் குழாயில் பொறித்த எண்ணையும் ஒப்பிடுவதே சரி.

எண் ஒன்றாக இருந்தாலும் நீளம் வேறுபடலாம். பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகள் பலவற்றின் அறை 65 மில்லிமீட்டர்தான். இன்று கடையில் கிடைப்பவை பெரும்பாலும் 70, சில 76. பெட்டியில் எழுதியிருப்பது சுட்ட பிறகு வாய் விரிந்த நீளம். சுடும் முன் வாய் மடிந்து குட்டையாக இருப்பதால், நீளத் தோட்டாவும் பழைய அறைக்குள் சுலபமாகப் போய்விடும். வெடிக்கும்போது வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறுகிறது. தாத்தா காலத்துத் துப்பாக்கியை வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ரைபிளிலும் இதே கதைதான். நம் ராணுவத்தின் எம்4 ரைபிள் சுடுவது 5.56 மில்லிமீட்டர் தோட்டா. அதே வகைத் துப்பாக்கிக்காக அமெரிக்காவில் .300 பிளாக்அவுட் என்ற தோட்டா வந்தது. 2011இல் அங்கே தர அங்கீகாரம் பெற்றது. இரண்டும் ஒரே தோட்டாப் பெட்டியில் அடங்கும். ஆனால் புதியதன் குண்டு 7.8 மில்லிமீட்டர் தடிமன். அது 5.56 குழாய்க்குள் நுழைய முடியாமல் துப்பாக்கி சிதறிய சம்பவங்கள் அங்கே பல. ஒரே மேசையில் இரண்டு வகைத் தோட்டாவையும் கலந்து வைப்பதே பெரும்பாலும் காரணம்.

உரிமம் உள்ளவர்கள் செய்ய வேண்டியது இது. ‘டிக்’ என்று மட்டும் கேட்டால் குழாயை ஆளில்லாத பக்கம் நீட்டியபடியே அரை நிமிடமாவது பொறுங்கள். பிறகு திறந்து, தோட்டாவை எடுத்துவிட்டு, பின்பக்கத்திலிருந்து குழாய் வழியே பாருங்கள். இரட்டைக் குழாயானால் இரண்டையும் பாருங்கள். மறுமுனை வெளிச்சம் தெரியாவிட்டால் அடுத்த தோட்டாவைத் தொடக்கூடாது. கம்பியால் குத்தியும் எடுக்கக்கூடாது. துப்பாக்கி பழுது பார்க்கும் உரிமம் பெற்ற கடைக்காரரின் வேலை அது.

அளவே தெரியாத குழாயை வெட்டிக் கைவேலையாகச் செய்யும் துப்பாக்கிக்கு எந்தத் தோட்டாவும் சரியான தோட்டா இல்லை. பிடிபட்டால் 1971ஆம் ஆண்டுச் சுடும் ஆயுதச் சட்டத்தின் கீழ் 14 ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் உண்டு.

துப்பாக்கியே இல்லாத வீட்டிலும் தோட்டா இருக்கலாம். இறந்துபோன அப்பாவின் தகரப் பெட்டியில் நாலைந்து கிடக்கும். பேரப்பிள்ளை எடுத்து விளையாடும். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி தோட்டாவுக்கும் உரிமம் வேண்டும். இல்லாமல் வைத்திருந்தால் 7 ஆண்டு வரை சிறை, 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் பையில் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டாம். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, அருகிலுள்ள காவல் நிலையத்திற்குப் போன் செய்து வந்து எடுத்துப்போகச் சொல்லுங்கள்.